காலப்பிரமாணம் யார் கையில்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) வீடியோவில் சோப்ரானோ (உச்சக் குரல்) பாடகி இழுத்துக்கொண்டே போகிறார். வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டர் குச்சியை வேகமாக வீசி அவரைத் தள்ளப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்துக்கு இருவரும் சேரவே இல்லை. அதே வாரத்தில் ஒரு மார்கழிக் கச்சேரியில் பாடகர் மிருதங்க வித்வான் பக்கம் திரும்பி, சத்தம் வருகிற மாதிரி தொடையில் தட்டினார். அங்கேயாவது கண்டக்டர் என்று ஒருவர் இருக்கிறார், நம் கச்சேரியில் வேகத்துக்கு, அதாவது காலப்பிரமாணத்துக்கு, யார் பொறுப்பு, தகராறு வந்தால் யார் சொல்வது செல்லும், அப்புறம் அவர்கள் மறுபடி ஒன்றாக மேடை ஏறுவார்களா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு தகராறுகள் கலந்திருக்கின்றன. எந்த வேகத்தில் பாடுவது என்பது ஒன்று. எடுத்த வேகம் மாறாமல் நிற்கிறதா என்பது இன்னொன்று. மேடையில் முகம் சுளிக்கிறதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவதுக்காக. வெளியே வந்து பேசும்போது மட்டும் எல்லோரும் முதலாவதைப் பற்றிப் பேசுவார்கள்.

என் இடம் எது என்று சொல்லிவிட்டால் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் மிருதங்கம் வாசிப்பவன். சென்னையில் சபாக் கச்சேரிகளுக்கும், அதைவிட அதிகமாகப் பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் பல வருஷமாக வாசித்து வருகிறேன். ஓபராவைப் பொறுத்தவரை வெறும் ரசிகன். வெஸ்டர்ன் பியானோ சொல்லித்தரும் நண்பர் ஒருவரை நச்சரித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், படித்தது கொஞ்சம். அதனால் கச்சேரி விஷயத்தை அடித்துச் சொல்வேன், ஓபரா விஷயத்தில் அடக்கி வாசிப்பேன்.

கச்சேரியில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாடகருடையது. இதில் சந்தேகமே வேண்டாம், இதை மறுக்கிற மிருதங்கக்காரரை நான் பார்த்ததில்லை. பாடகர் பல்லவியின் முதல் வரியை எடுக்கிறார், கை தாளத்தைக் காட்டுகிறது, காலப்பிரமாணம் அங்கேயே வைக்கப்பட்டுவிட்டது. மிருதங்கம் உடனே உள்ளே பாயாது. கொஞ்சம் கேட்டுவிட்டு, அந்த வரியின் நடை பிடிபட்ட பிறகு சேர்ந்துகொள்ளும். மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார். வலந்தலை (வலது கை வாசிக்கும் பக்கம்) சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது காரணம். (இடது கையால் வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடம் மாறி உட்கார வேண்டியிருந்ததே அவர் காலத்தில் ஒரு விவகாரம்.) பாடகர் தாளம் போடுவதும் வலது தொடையில். ஆக, அந்தக் கை எங்கள் கண்ணுக்கு நேரே இருக்கிறது. வேகம் தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை.

நம் கச்சேரிக்குப் பொதுவாக ஒத்திகை கிடையாது. பல சமயம் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் சந்திப்பதே ஹாலுக்குப் பின்னால், சுருதி சேர்க்கிற நேரத்தில்தான். அன்றைக்கு மெயின் (முக்கியமான பெரிய உருப்படி) என்ன என்பதுகூட அதன் ஆலாபனை (ராக விரிவு) ஆரம்பித்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். எந்த நோட்டுப் புத்தகத்திலும் மெட்ரோனோம் (வேகம் காட்டும் கருவி) எண் எழுதியிருக்காது. எம்.டி. ராமநாதன் பாடினால் ஒரு நிதானம், ஜி.என். பாலசுப்பிரமணியம் பாடினால் ஒரு விறுவிறுப்பு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மத்யம காலத்துக்கு (நடுத்தர வேகத்துக்கு) முக்கிய இடம் கொடுத்துத்தான் இன்றைய கச்சேரி அமைப்பையே நிலைநிறுத்தினார். மூன்றுமே சரிதான். அவரவர் குரலுக்கும் பாணிக்கும் எந்த வேகம் ஒத்துவருகிறதோ அதை அவரவர் வைத்துக்கொண்டார்கள்.

சரி, வைத்த வேகம் ஏன் நிற்கமாட்டேன் என்கிறது? ஒரு உதாரணத்தோடு பார்த்தால்தான் விளங்கும். தியாகராஜரின் 'ஓ ரங்கசாயி', காம்போஜி ராகம், ஆதி தாளம், இரண்டு களை (ஒவ்வொரு தட்டையும் இரட்டிப்பு நீளமாக வைப்பது). பாடகர் நிதானமாக எடுத்தால் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிய 14 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பூலோக வைகுண்டம்' என்ற இடத்தில் நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது). கீழ்க்காலம் (மெதுவான நடை) முடிந்து மேல்காலம் (அதன் இரட்டிப்பு வேகம்) போகும்போது எல்லோருக்கும் உடம்பில் ஒரு சூடு ஏறும். ஸ்வரம் ஆரம்பிக்கிறது, வயலின் பதில் சொல்கிறது, குறைப்பு (சுற்றுச் சுற்றாகச் சுருக்கிக்கொண்டு வருவது) வருகிறது, சபையில் தலைகள் ஆடுகின்றன. இப்போது ஒரு ஆவர்த்தனத்தை அளந்தால் 12 வினாடி. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கேட்பவர்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அரை மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏறிய வேகம் அது. ஆனால் மேல்காலத்தில் ஆவர்த்தனத்துக்கு 64 ஸ்வரம் பாடுகிறவருக்கு நொடிக்கு நாலரை ஸ்வரமாக இருந்தது ஐந்துக்கு மேல் போய்விட்டது. காம்போஜியில் ஸ்வரத்தைச் சும்மா தொட்டுவிட்டுப் போக முடியாது, ஒவ்வொன்றுக்கும் அதற்கு வேண்டிய அசைவைக் கொடுத்தாக வேண்டும். அந்த அசைவுக்கான இடம் போய்விட்டால் ஸ்வரம் மொட்டையாக விழும், ராகம் வெளிறிப் போகும். அதே வேகத்தில் எங்கள் விரலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் இன்னும் சுகமாக ஓடும். விரலுக்குச் சுகமான வேகமும் தொண்டைக்குச் சுகமான வேகமும் ஒன்று கிடையாது. பாடகர்கள் எங்களைப் பார்த்து முறைப்பதில் பாதிக்கு இதுதான் காரணம்.

எங்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கெல்லாம் மிருதங்கம்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு, அதில் உண்மை பாதிதான். பாடகரே சங்கதி சங்கதியாக (ஒரே வரியின் மாற்று வடிவங்களாக) ஏற்றிக்கொண்டு போய்விட்டு, பிறகு பிருகா (வேகமான உருட்டல்) சிக்கும் இடத்தில் எங்களைத் திரும்பிப் பார்ப்பதும் நடக்கிறது. இதற்கு நேர் எதிரான வியாதி இழுப்பு. மிகவும் சௌக்கமாக (மெதுவாக) எடுத்துவிட்டால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் பெரிய வெளி இருக்கும். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்காத பாடகரின் கை அந்த வெளியில் தொய்ந்துவிடும். நல்ல சங்கதி ஒன்று வாய்த்துவிட்டால் அதில் நின்று ரசித்துவிட்டு அடுத்த தட்டைத் தாமதமாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது நாங்கள் வாசிக்கும் சர்வலகுதான் (அலங்காரமில்லாத சீரான நடை) ஆவர்த்தனத்தைத் தூக்கி நிறுத்துகிறது. பாடகருக்கு அது பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி கேட்கும். தள்ளவில்லை, அவர் வைத்த வேகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று மேடையில் எப்படி விளக்குவது?

இது போதாதென்று முன்வரிசை. அங்கே நாலு பேர் நாலு விதமாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பாடகர் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது அவர்கள் கைதான். தாளம் தெரிந்த மாமா ஒருவர் அரை அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கையில் பாதி) தள்ளித் தட்டிக்கொண்டு, நாங்கள்தான் தப்பு என்கிற மாதிரி தலையை ஆட்டுவதை மயிலாப்பூரில் உட்கார்ந்து வாசிக்கிற யாரும் அனுபவித்திருப்பார்கள்.

ஓடிவிட்ட வேகத்தை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. சட்டென்று பிரேக் போட்டால் விபத்து. பாடகர் சங்கதியின் நடுவில் தடுமாறுவார், வயலின் ஒரு பக்கம் போகும். எங்கள் குருமார்கள் சொல்லிக்கொடுத்த வழி, முதலில் சொல்லை (மிருதங்க அடிகளை) குறைப்பது. நிரப்பி வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வெறும் சர்வலகுக்கு வந்துவிட வேண்டும். தொப்பியை (இடது பக்கத்தை) மட்டும் அட்சரத்துக்கு அட்சரம் ஆழமாக விட வேண்டும். நடுவில் இடம் விட்டால் பாடகரின் காதுக்கு அந்த இடைவெளி கேட்கும், அவர் தானாகவே அதில் உட்காருவார். இரண்டு மூன்று ஆவர்த்தனத்தில் வேகம் இறங்கிவிடும், சபையில் யாருக்கும் தெரியாது. மூத்த பாடகர் ஒருவருக்கு ஒரு சின்ன ஹாலில் வாசித்தபோது ஸ்வரத்தின் நடுவில் வேகம் ஏறிக்கொண்டே போனது. அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. வயலின் வாசிக்கிற இடைவெளியில், உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாதபடி, "நாலு ஆவர்த்தனம் சும்மா வாசிங்கோ" என்றார். அந்த 'சும்மா'வில் எல்லாம் அடக்கம். மொத்த அலங்காரத்தையும் நிறுத்திவிட்டு நடையை மட்டும் வாசித்தேன். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் அவர் ஒரு நீளமான கீழ்க்கால ஸ்வரத்தை எடுத்தபோது பழைய இடத்துக்கு வந்திருந்தோம். தொடையில் பலமாக அறைவதைவிட இது எவ்வளவோ மேல். ஓங்கி அடிக்கிற கை தானும் வேகமாகத்தான் விழும். அதனால் அறைந்து அறைந்து வேகத்தைக் குறைக்கப் பார்ப்பவர்கள் பல சமயம் இன்னும் ஏற்றிவிடுகிறார்கள்.

தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தனிக்கதை. அங்கே பாடகர் கையில் தாளம் மட்டும்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் எங்கள் ராஜ்யம். கூடக் கடமோ கஞ்சிராவோ இருந்தால் ஆளுக்கு ஒரு சுற்று வாசித்து, சுற்றைக் குறைத்துக்கொண்டே வரும்போது, ஒவ்வொருவரும் முந்தையவர் விட்ட இடத்தைவிட ஒரு நூலிழை வேகமாக எடுப்பது சகஜம். மோரா, கோர்வை என்ற முடிவுக் கட்டங்கள் முடிந்ததும் பாடகர் அதே வரியைத் திரும்ப எடுக்க வேண்டும். 14 வினாடியில் அழகாக உட்கார்ந்த வரி இப்போது 11 வினாடிக்குள் திணிக்கப்படும். கைதட்டல் எங்களுக்கு, மூச்சுத்திணறல் அவருக்கு. இந்த ஒரு விஷயத்தில் நான் பாடகர்கள் கட்சி. தனியில் ஏறுகிற வேகத்துக்கு வாசிப்பவர்கள்தான் முழுப் பொறுப்பு. பாடகர் தாளம் போட்டாரே, அவர் பிடித்திருக்கலாமே என்று சொல்வது சரியான வாதம் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓடும்போது ஒரு கை என்ன செய்யும்?

நம்மிடம் கண்டக்டர் இல்லை என்றீர்கள். கச்சேரிக்கு அது சரி. நாகஸ்வரக் கச்சேரியில் ஜால்ரா தட்டித் தாளத்தைக் காப்பதற்கென்றே ஒருவர் உண்டு. பரதநாட்டியத்தில் ஜதி சொல்லித் தாளம் தட்டி நடத்தும் நட்டுவனார் இருக்கிறார். ஓபராவோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த மேடையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் ஒத்திகை உண்டு, கதை உண்டு, உடம்பால் வேலை செய்கிறவர் ஒருவர், குரலால் வேலை செய்கிறவர் ஒருவர், இருவரையும் கட்டி இழுக்கிறவர் ஒருவர். வர்ணம் என்ற பெரிய உருப்படியில் வரும் திரிகால ஜதியை (மூன்று வேகத்தில் வரும் சொற்கட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காலத்தைப் போல இரண்டு மடங்கு, பிறகு நாலு மடங்கு என்று ஜதி போகும். முதல் காலத்தை ஒரு துளி வேகமாக எடுத்துவிட்டால் மூன்றாம் காலத்தில் ஆடுகிறவரின் பாதம் தரையில் சரியாகப் பதியாது, அடவு (ஆட்ட அசைவு) கலங்கிவிடும். அதனால் நல்ல நட்டுவனார் மூன்றாம் காலத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் காலத்தைத் தட்டுவார். ஜதி முடிந்து அதே வேகத்தில் பாட்டு வரி தொடங்கும்போது பாடகருக்கு அது பிடிக்காமல் போகலாம். சஞ்சாரிக்காக (அபிநய விரிவுக்காக) ஒரே வரியை இருபது தடவை பாட வேண்டியிருக்கும். அலுப்பில் குரல் பின்வாங்கும், வேகம் தொய்யும், நட்டுவனாரின் தாளம் கொஞ்சம் உரக்கக் கேட்கும். இங்கே பாடகரின் சௌகரியம் இரண்டாம் பட்சம்தான். ஆடுகிறவரின் உடம்புக்கு எது முடியும் என்பது முதலில். அதற்கு நட்டுவனார் பொறுப்பு. ஆனால் பதத்தில் (அபிநயம் முதன்மையான பாட்டில்) எல்லாம் தலைகீழ். அபிநயம் நிதானமாக விரிய வேண்டிய இடத்தில் நட்டுவனார் தாளத்தைக் கிட்டத்தட்ட மௌனமாக்கிவிட்டு, பாடகரையும் ஆடுகிறவரையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள விட்டுவிடுவார். அதிகாரம் ஒருவரிடமே இருந்தாலும், எந்த உருப்படியில் அதைக் கையில் எடுக்க வேண்டும், எதில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓபராவிலும் ஏறக்குறைய இப்படித்தான். வேகத்தைக் கடைசியாகத் தீர்மானிப்பவர் கண்டக்டர், அது உறுதி. குச்சியோடு தனி ஆள் நின்று நடத்துவது 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கமானது. அதற்கு முன் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்திய வாத்தியம்) முன்னால் உட்கார்ந்தவரோ முதல் வயலினோ பார்த்துக்கொண்டார்கள். மெல்ட்செல் என்பவர் 1815இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இசையமைப்பாளர்கள் எண் எழுத ஆரம்பித்தார்கள். இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்தி நிறையவே எழுதியிருக்கிறார். எண் இருந்தும் சண்டை ஓயவில்லை, ஏனென்றால் அந்த எண் அவர்களுக்கு ஒரு ஆரம்பம்தான். அங்கே சண்டை நடக்க வேண்டிய இடம் ஒத்திகை. முதலில் பியானோவோடு வாரக்கணக்கில் பயிற்சி, பிறகு பாடகர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் முதல் தடவை ஒன்றாக உட்கார்ந்து பாடிப் பார்க்கிற ஒரு நாள், பிறகு மேடை ஒத்திகை. வேகம் பற்றிய வாதமெல்லாம் அங்கே தீர்ந்திருக்க வேண்டும். பாடகியின் தரப்பில் மூச்சுதான் பெரிய வாதம். அவர் மைக் இல்லாமல் முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிப் பாட வேண்டும். நீளமான வரியைக் கண்டக்டர் மெதுவாக எடுத்தால் வரி முடிவதற்குள் காற்று தீர்ந்துவிடும். நம் பாடகர் நடுவில் மூச்சு விட்டால் வயலின் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஓபரா பாடகிக்கு அந்த வசதி இல்லை. நேர்மாறாக, மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்'டில் இரவின் ராணி பாடுகிற மாதிரி உச்சத்தில் சின்னச் சின்ன ஸ்வரங்களாகக் கொத்திக்கொண்டு போகும் பாட்டில், வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது தொண்டை. அதைத் தாண்டிக் கண்டக்டர் போனால் ஸ்வரங்கள் குழைந்துவிடும்.

ஸ்வரத்தாளிலேயே சில இடங்களில் 'கொல்லா பார்த்தே' என்று எழுதியிருக்கும். அங்கே வாத்தியங்கள் பாடகரின் பின்னால் போக வேண்டும், கண்டக்டரும் பாடகரின் வாயைப் பார்த்துத்தான் குச்சியை இறக்க வேண்டும். உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடங்களும் அப்படித்தான். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில் இரண்டு தரப்பும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. என் நண்பர் அடிக்கடி சொல்வார்: மேடையேறிய பிறகு நல்ல கண்டக்டர் விவாதம் செய்யமாட்டார், பாடகி எங்கே இருக்கிறாரோ அங்கே ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இடைவேளையில் பேசிக்கொள்வார். அறுபது பேர் பாடகியோடு சேர்ந்துகொள்வது சுலபம். பாடகி நடுவரியில் நின்று அறுபது பேரோடு சேர்ந்துகொள்ள முடியாது. நாங்கள் செய்வதும் இதுவேதான். யார் மேல் தப்பு என்பதை மேடையில் பார்ப்பதில்லை. யாரால் நகர முடியுமோ அவர் நகர்ந்துவிட வேண்டும், அது பெரும்பாலும் வாத்தியம்தான்.

வேகத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வருகிற தகராறுக்கு எல்லோரும் சொல்கிற சம்பவம் ஓபராவில் நடந்ததல்ல, பியானோ கச்சேரியில் நடந்தது. 1962 ஏப்ரல் 6, நியூயார்க், கார்னகி ஹால். பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி). பியானோ கிளென் கோல்ட், கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். வாசிப்பதற்கு முன் பெர்ன்ஸ்டைன் சபையைப் பார்த்துப் பேசினார். கோல்ட் எடுத்துக்கொண்டிருக்கும் மெதுவான வேகங்கள் தனக்கு உடன்பாடு இல்லை, இருந்தாலும் நடத்தப்போகிறேன் என்றார். கன்செர்ட்டோவில் யார் முதலாளி, வாசிப்பவரா கண்டக்டரா என்று வேடிக்கையாகக் கேட்கவும் செய்தார். அப்படிச் சொன்னது முறையா என்று இன்றுவரை சர்ச்சை. என் அபிப்பிராயம், சொல்லாமல் இருந்திருக்கலாம். நம் மேடையில் மிருதங்கக்காரர் மைக்கைப் பிடித்து அப்படிச் சொன்னால் அத்தோடு அவர் கதை முடிந்தது. ஆனால் அவர் உடன்படாத வேகத்திலேயே முழுவதையும் உண்மையாக நடத்திக்கொடுத்தார். வேகத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒத்துப்போகாதவர்கள் எடுத்த வேகத்தைக் காப்பதில் ஒன்றாக நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கண்டக்டர்களுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்றால், வாக்னரின் 'பார்சிஃபால்' பைராய்ட் அரங்கில் 1931இல் தோஸ்கனீனி நடத்தியதற்கும் 1970இல் பியேர் பூலேஸ் நடத்தியதற்கும் சுமார் ஒரு மணி நேரம் வித்தியாசம். அதே ஓபரா, அதே அரங்கு. இதில் வேடிக்கை, வேகத்துக்குப் பேர்போன தோஸ்கனீனிதான் மெதுவாக நடத்தியவர். ஒருவரைப் பற்றிப் பேச்சில் வளர்ந்த பெயரும் கடிகாரம் காட்டுவதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நம் ஊரிலும் "அந்தக் காலத்தில் எல்லாம் நிதானம், இப்போது ஓட்டமாக ஓட்டுகிறார்கள்" என்று சபா கேன்டீனில் தினமும் கேட்கலாம். இதை நான் நிச்சயமான விஷயமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பழைய 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாகப் பாடியவைதான் அதில் நிறைய. பிறகு அதை நாடாவுக்கு மாற்றும்போது வேகம் கூடியோ குறைந்தோ போயிருந்தால் சுருதியும் சேர்ந்து மாறியிருக்கும். அந்தத் தட்டுகளை வைத்து அந்தக் காலக் கச்சேரியின் வேகத்தை அளக்க முடியாது. வீட்டுக் கச்சேரிகளின் நாடாப் பதிவுகள் கொஞ்சம் நம்பகமானவை, அவற்றில் இரண்டு வகையும் இருக்கின்றன.

இப்போது நீங்கள் பார்த்த இரண்டுக்கும் வருவோம். ஓபரா வீடியோவில் பாடகி இழுத்தது பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையின் பின்பக்கம், ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து 17 மீட்டர் தள்ளி நிற்கிற பாடகிக்கு வாத்தியச் சத்தம் நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாக வரும். அதைக் கேட்டுக்கொண்டு பாடினால் அவர் குரல் திரும்பி வர இன்னொரு இருபதில் ஒரு பங்கு. ஆக, காதை நம்பினால் பின்தங்கிவிடுவார், குச்சியைப் பார்த்தால்தான் சேருவார். அதற்காகத்தான் மேடையின் ஓரங்களில் கண்டக்டரைக் காட்டும் டிவி திரைகள் வைத்திருக்கிறார்கள். இயக்குநர் அவரைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்திவிட்டால் திரையும் கண்ணில் படாது. வீடியோவில் மைக் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தும் சேராமை கூடக் குறையத் தெரியும். அதனால் அந்தக் காட்சியை வைத்துச் சண்டை என்று முடிவு கட்டமாட்டேன். கண்டக்டர் பெரிதாக வீசியது கோபமாக இருக்கலாம், தூரத்தில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம்.

நம் பாடகர் தட்டியதற்கும் இப்படி நாலைந்து காரணங்கள் இருக்கலாம். வேகம் ஓடியிருக்கலாம். கஞ்சிராக்காரருக்கு எடுப்பை (வரி தொடங்கும் இடத்தை) காட்டியிருக்கலாம். தனக்கே தாளம் நழுவி, அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். முன்னால் வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் மிருதங்கம் மட்டும் உரக்கவும் தம்புரா அடங்கியும் கேட்டால், தன் கைதான் தனக்குத் துணை என்று ஓங்கித் தட்டுகிறவர்களும் உண்டு. பெரிய ஹாலில் பின்சுவரிலிருந்து திரும்பி வருகிற சத்தம் காதில் விழுந்தால் யாருக்கும் குழப்பம்தான். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததை அப்போது பலர் கிறுக்கு என்றார்கள். மானிட்டரோடு மல்லுக்கட்டுகிற எங்களுக்கு அவர் சொன்னதன் அர்த்தம் இப்போது நன்றாகவே புரிகிறது. அடுத்த தடவை பார்க்கும்போது பாடகர் முகத்தை விட்டுவிட்டு வயலின் வாசிப்பவரைக் கவனியுங்கள். அவர் பாடகரின் இடப்பக்கம், மிருதங்கத்துக்கு எதிரே இருக்கிறார், இருவர் சத்தமும் அவர் காதில் விழுகிறது. வேகம் உண்மையிலேயே நழுவியிருந்தால் அவர் வில் சிறுத்து எச்சரிக்கையாகிவிடும். அவர் நிம்மதியாக நீளமாக வில் போட்டுக்கொண்டிருந்தால், தட்டல் வேறு எதற்கோ.

கடைசிக் கேள்வி, மறுபடி ஒன்றாக மேடை ஏறுவார்களா என்பது. ஏறுவார்கள். கச்சேரி முடிந்ததும் பாடகரே "நல்லா இருந்தது அண்ணா" என்று சொல்லிவிட்டு, கேன்டீன் காபியும் குடித்துவிட்டு, ஒரே காரில் போவதுகூட நடக்கும். மேடையில் காட்டிய கோபத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. தொடர்ந்து ஓடுகிற மிருதங்கத்துக்கு நடப்பது வேறு. அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த சீசனுக்குத் தேதி கேட்டு வருகிற போன் ஒன்றிரண்டு குறையும், அதற்கடுத்த வருஷம் இன்னும் குறையும். சபாக் காரியதரிசியைக் கேட்டால் பாடகர் பெயர் கொடுத்தார் என்பார், பாடகரைக் கேட்டால் சபாதான் போட்டது என்பார்.